முப்பத்திரண்டு எண்களோடு ஒரு வாரம்

மார்ச் 3, திங்கள்

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அட்டவணைகளை மாற்றியமைக்கக் கற்றுத்தர வேண்டும் என்பதால், புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் நிரல்மொழியுடன் சேர்ந்தே வரும் டைட்டானிக் தரவை எடுத்துக்கொண்டேன். 1912 ஏப்ரலில் மூழ்கிய அந்தக் கப்பலில் இருந்த 2201 பேரை வகுப்பு, பாலினம், வயது, பிழைத்தாரா இல்லையா என்று நான்கு வகையில் பிரித்து எண்ணிய தொகுப்பு அது. என்னிடம் இருந்த எக்செல் கோப்பில் யாரோ அதை அச்சுக்கு ஏற்றபடி அமைத்திருந்தார்கள்: ஊழியரையும் சேர்த்து நான்கு வகுப்புகள் வரிசைகளாகவும், மற்றவை எட்டு நெடுவரிசைகளாகவும் நின்றன, மேலே மூன்றடுக்குத் தலைப்புகள், அவற்றில் ஒன்றாக இணைத்த கட்டங்கள். பார்வைக்குப் பாந்தமாகத்தான் இருந்தது. ஆனால் பெண்கள் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டால், நான்கு நெடுவரிசைகளை விரல் வைத்துத் தேடிக் கூட்ட வேண்டியிருந்தது.

மார்ச் 4, செவ்வாய்

இணைத்த கட்டங்களைப் பிரித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரிசை என்ற நீள வடிவுக்கு மாற்றினேன். 32 வரிசைகள் வரவேண்டிய இடத்தில் 40 வந்தன. எண்ணிக்கையைக் கூட்டினால் 4402. அட்டவணையின் அடியில் இருந்த ‘மொத்தம்’ என்ற வரிசையும் ஐந்தாவது வகுப்பாக உள்ளே நுழைந்திருந்தது. சரியாக இரண்டு மடங்கு என்பதால் உடனே பிடிபட்டது. நடுவில் ஏதோ ஒரு வகுப்புக்கு மட்டும் கூட்டுத்தொகை இருந்திருந்தால் கவனித்திருப்பேனா என்பது ஐயமே.

மார்ச் 5, புதன்

எட்டு வரிசைகளில் பூஜ்யம் இருக்கிறது. அவற்றை நீக்கிவிடலாம் என்று முதலில் தோன்றியது, நல்லவேளை, நீக்கவில்லை. ஊழியரில் குழந்தைகளே கிடையாது என்பதால் வந்தவை நான்கு. இந்தத் தரவின்படி முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளில் எவரும் இறக்கவில்லை என்பதைச் சொல்பவை மற்ற நான்கு. இரண்டாம் வகுப்பில் 24 குழந்தைகள் இருந்தார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள். நீக்கியிருந்தால், மறுபடி வரிசையில் ஒரு வகை, நெடுவரிசையில் இன்னொரு வகை என்று குறுக்கு அட்டவணை ஆக்கும்போது இந்த இரண்டு வகையும் ஒரே மாதிரி வெற்றுக் கட்டங்களாகத்தான் தெரிந்திருக்கும்.

மார்ச் 6, வியாழன்

பைதான் நிரல்மொழியில் அட்டவணைகளைக் கையாள உதவும் பாண்டாஸில், வகுப்பையும் பிழைத்தாரா இல்லையா என்பதையும் வைத்துப் பிவட் செய்தபோது, அதாவது நீள வடிவைக் குறுக்கு அட்டவணையாகத் திருப்பியபோது, பிழைத்த ஊழியர் 53 பேர் என்று வந்தது. உண்மையான எண் 212. என்ன செய்யவேண்டும் என்று நாம் குறிப்பிடாவிட்டால் பிவட் டேபிள் செயற்கூறு கூட்டாமல் சராசரி எடுக்கும். 192, 20, 0, 0 ஆகிய நான்கு எண்களின் சராசரிதான் அந்த 53. இது எனக்கு முன்பே தெரிந்த சங்கதிதான், ஆனாலும் மறுபடி மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 7, வெள்ளி

இன்று சதவீதம். பிழைத்தவர் 711 பேரில் ஊழியரின் பங்கு 30 சதவீதம், முதல் வகுப்பினர் 29, மூன்றாம் வகுப்பினர் 25, இரண்டாம் வகுப்பினர் 17. இதை மட்டும் பார்க்கும் ஒருவர், ஊழியர்கள்தான் அதிகம் தப்பினார்கள் என்று எண்ணக்கூடும். அதே எண்களை ஒவ்வொரு வகுப்பின் மொத்தத்தாலும் வகுத்தால், முதல் வகுப்பில் 62, இரண்டாம் வகுப்பில் 41, மூன்றாம் வகுப்பில் 25, ஊழியரில் 24 என்று ஆகி, முதலில் நின்றவர்கள் கடைசிக்குப் போகிறார்கள். ஊழியர்கள் 885 பேர் இருந்ததாலேயே பங்கு பெரிதாகத் தெரிந்தது. சதவீதம் எதன்மேல் கணக்கிடப்பட்டது என்று தலைப்பில் எழுதாத அட்டவணையை இனி நான் வாங்கிக்கொள்வதாக இல்லை.

மார்ச் 10, திங்கள்

ஊழியருக்கும் மூன்றாம் வகுப்பினருக்கும் இடையிலிருந்த அந்த ஒரு சதவீத வேறுபாடு சனி, ஞாயிறு முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்ததால், காலையில் வந்ததும் பாலினத்தையும் வரிசைப் பக்கம் இழுத்துவைத்தேன். ஆண்களில் ஊழியர் 862 பேரில் 192 பேர் பிழைத்தார்கள், அதாவது 22 சதவீதம். மூன்றாம் வகுப்பில் 510 பேரில் 88 பேர், 17 சதவீதம். பெண்களில் ஊழியர் 23 பேரில் 20 பேர். மூன்றாம் வகுப்பில் 196 பேரில் 90 பேர். ஆண்களிலும் ஊழியரே மேல், பெண்களிலும் ஊழியரே மேல், சேர்த்துப் பார்த்தால் மட்டும் மூன்றாம் வகுப்பு மேல்! பெண்கள் அதிகம் காப்பாற்றப்பட்ட அந்தக் கப்பலில், மூன்றாம் வகுப்பினரில் நூற்றுக்கு 28 பேர் பெண்கள், ஊழியரில் மூன்று பேர்கூட இல்லை என்பதே காரணம். 1951-இல் புள்ளியியலாளர் எட்வர்ட் சிம்ப்சன் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அவர் பெயராலேயே வழங்கப்படும் முரண் இதுதான்.

பயிற்சிக் கோப்பில் பாலின நெடுவரிசையை மறைத்து வைத்திருக்கிறேன். எல்லோரும் வெள்ளிக்கிழமை அட்டவணையை எட்டி, மூன்றாம் வகுப்பினரே மேல் என்று எழுதி முடித்த பிறகு அதைத் திறந்து காட்டுவதாகத் திட்டம்.