ஒருபோகத்து மனு

மேலூர் பக்கம் ஒரு பாசனப் பிரிவு அலுவலகத்தில் பதினொரு வருஷம் எழுத்தராக இருந்தேன். காலையில் வந்ததும் முதல் வேலை, வைகை அணையின் நீர்மட்டத்தைப் போனில் கேட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது. முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. மட்டம் ஐம்பதுக்குக் கீழே கிடந்தால் அன்றைக்கு மனுக்காரர்கள் கூட்டம் அதிகம் என்று அர்த்தம்.

அந்த அணைத் தண்ணீர் வரும் பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதாவது வருஷத்துக்கு இரண்டு சாகுபடி, 45,041 ஏக்கர். அதைத் தாண்டினால் ஒருபோகம், ஒரே சாகுபடி. மேலூர் பகுதியில் மட்டும் 85,563 ஏக்கர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அத்தனை அரசாணைகளுக்கு நகல் எடுத்திருக்கிறேன்.

ஒருநாள் தும்பைப்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். மனு நான்காக மடித்து, வேர்வையில் நனைந்திருந்தது. "அணை தொறந்தப்ப மந்திரி எங்க ஊர்க்காரருய்யா. தண்ணி மட்டும் எங்களுக்குக் கடைசி" என்றார்.

அவர் சொன்னது கக்கனை. 1959-ல் வைகை அணை திறந்தபோது காமராசர் அமைச்சரவையில் பொதுப்பணித்துறை அவரிடம்தான் இருந்தது. அதாவது எங்கள் துறை. அதற்கு இருபது வருஷம் முன்னால், 1939-ல், வைத்தியநாத ஐயரோடு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த தாழ்த்தப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அப்புறம் அரசியல் நிர்ணய சபை, மக்களவை. 1957 முதல் பத்து வருஷம் அமைச்சர்.

எங்கள் ஆபீஸில் எந்த அமைச்சர் வந்துபோனாலும் டீ குடிக்கும்போது கக்கன் பேச்சு வந்துவிடும். 1967-ல் தோற்றபின் பஸ்ஸில் போனது, மதுரை அரசு மருத்துவமனைப் பொது வார்டில் கிடந்தவரை எம்.ஜி.ஆர். போய்ப் பார்த்தது, அவ்வளவுதான். எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கும். பத்து வருஷ வேலையை ஒரு கட்டிலில் சுருட்டி வைத்துவிட்டோம். அவர் உள்துறையில் இருந்த 1965-ல்தான் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்தது. டீக்கடையில் அதை யாரும் எடுப்பதில்லை. நல்ல மனுஷன் என்று சொல்லிவிட்டால் மற்றதைக் கேட்க வேண்டியதில்லை போலிருக்கிறது.

ஒருமுறை மதகு திறப்புக்கு முக்கியஸ்தர் ஒருவர் வந்தார். கூடை கூடையாகப் பூ தூவினார்கள். பூவுக்கான பில்லை நான்தான் எழுதினேன். கார்கள் கிளம்பியதும் மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் ஷட்டரைப் பாதி இறக்கினார், மேலிடத்து உத்தரவு. பூ மட்டும் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தது.

பெரியவர் மனுவை அன்றே மேலே அனுப்பினேன். அந்த வருஷம் ஒருபோகத்துக்குத் தாமதமாகத்தான் திறந்தார்கள். மறுபடி வந்தார், நன்றி சொல்ல இல்லை. அவர்கள் கண்மாய் மடையில் பலகை உடைந்துவிட்டதாம். இன்னொரு மனு.