மூன்று நிமிடம் பேசி வாங்க முடியாத பணம்

அமெரிக்காவில் நான் இருக்கும் ஊரில் ஒரு சின்ன ஃபுட் பேன்ட்ரி இருக்கிறது. வாரம் இரண்டு நாள், கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு இலவசமாக மளிகை கொடுக்கும் இடம். அரிசி மூட்டை இறக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். எக்செல் தெரியும் என்று ஒரு நாள் வாயைவிட்டதில் கணக்கும் என் தலையில் விழுந்தது. அப்படித்தான் சிடிபிஜி என்ற நாலு எழுத்தோடு எனக்குப் பழக்கம்: கம்யூனிட்டி டெவலப்மென்ட் பிளாக் கிராண்ட், ஊர் மேம்பாட்டுக்கென்று அமெரிக்க மத்திய அரசு (ஃபெடரல்) நகரங்களுக்குத் தரும் நிதி. அதில் ஒரு பங்கை எங்களைப் போன்ற அமைப்புகளும் நகராட்சியிடம் கேட்கலாம்.

முதல் வருடம் அந்தப் பணம் கேட்க நாங்கள் செய்த தப்பு, கடைசிக் கூட்டத்துக்குப் போனது. மே மாதம் சிட்டி கவுன்சிலில் பப்ளிக் ஹியரிங், ஆளுக்கு மூன்று நிமிடம், எதிரே சிவப்பு எண்ணில் ஓடும் கடிகாரம். என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்வதிலேயே அரை நிமிடம் போய்விட்டது. மிச்ச நேரத்தில் உருக்கமாகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன், கவுன்சிலர் ஒருவர் தலையைக்கூட ஆட்டினார். அப்புறம் ஓட்டெடுப்பு. திட்டத்தில் ஒரு டாலர்கூட மாறவில்லை. மாறாது என்பது அங்கே எங்களைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஏன் என்றால், அந்தப் பணம் கவுன்சிலுக்கு வரும்போது ஏற்கனவே பல கைகள் அளந்து முடித்திருக்கும். 1974இல் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தில் வந்த திட்டம் இது. பொதுவாக 50,000 பேருக்கு மேல் உள்ள நகரங்களுக்கு ஹட் எனப்படும் வீட்டுவசதித் துறை நேரடியாகப் பணம் தருகிறது. சின்ன ஊர்கள் மாநிலம் வழியாகக் கேட்க வேண்டும். எந்த ஊருக்கு எவ்வளவு என்பதை மக்கள்தொகை, ஏழ்மை, வீட்டு நெரிசல், வீடுகளின் வயது மாதிரியான விஷயங்களை வைத்து இரண்டு சூத்திரங்களில் கணக்கிட்டு, எதில் அதிகம் வருகிறதோ அதைக் கொடுப்பார்கள். சரி, ஊருக்கு 10 லட்சம் டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நிர்வாகத்துக்கும் திட்டமிடலுக்கும் 20 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம். எங்களைப் போன்ற சேவை அமைப்புகளுக்கு உச்சவரம்பு 15 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒன்றரை லட்சம். பேன்ட்ரி, பள்ளிவிட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், வீடில்லாதவர்களுக்கான தங்குமிடம், இலவச சட்ட உதவி எல்லாமே அந்த ஒரே தட்டில்தான் கை நீட்ட வேண்டும். மற்றது நடைபாதை, தண்ணீர்க் குழாய், ஏழை வீட்டுக்கூரை பழுதுபார்ப்பு என்று போய்விடும். நடைபாதைக்குப் போகிறதே என்று எனக்கு முதலில் எரிச்சல் வந்தது உண்மை, ஆனால் சக்கர நாற்காலியில் வரும் ஒரு பாட்டி எங்கள் தெருமுனையில் ரோட்டில் இறங்கித்தான் வருவார், அதைப் பார்த்தபின் அந்த வாதத்தை விட்டுவிட்டேன்.

இரண்டாம் வருடம் ஜனவரியில் விண்ணப்பம் திறந்ததும், நகராட்சி நடத்திய பயிற்சிக் கூட்டத்துக்கே போனேன். கட்டாயம் போங்கள். அங்கே ஒரு அலுவலர் எங்கள் வரைவைப் பார்த்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். வருகிற குடும்பங்கள் குறைந்த வருமானம் உள்ளவை என்று எப்படிக் காட்டுவீர்கள்? அந்தப் பகுதியின் நடு வருமானத்தில் 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதற்குக் குடும்பம் குடும்பமாகப் படிவம் வேண்டும். எங்களிடம் இருந்ததோ பெயர்கூட முழுதாக இல்லாத ஒரு கையெழுத்து நோட்டு. இரண்டாவது, போன வருடம் நகராட்சி தன் சொந்த நிதியிலிருந்து உங்களுக்குக் கொஞ்சம் கொடுத்ததே, அதே வேலைக்கு இப்போது ஃபெடரல் பணத்தைக் கேட்கிறீர்களா? அப்படி மாற்றிக்கொள்ள விதியில் இடமில்லை. சேவை புதிதாக இருக்க வேண்டும், அல்லது அளந்து காட்டும்படி கூடியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே யோசனை. கடையை மூடிவிடலாமா என்றுகூட இருந்தது. அப்புறம் எங்கள் தன்னார்வலர் ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர், சொன்னார்: "வர முடியாத கிழவர்களுக்கு நாமே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன?" அதுதான் திருப்பம். விதிப்படி முதியவர்கள், வீடில்லாதவர்கள், கடுமையான ஊனமுள்ள பெரியவர்கள் போன்ற சில பிரிவினரைக் குறைந்த வருமானக்காரர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள், ஒவ்வொருவரிடமும் சம்பளச் சீட்டு கேட்க வேண்டியதில்லை, முதியவர்களுக்கு வயது தெரிந்தால் போதும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது நாங்கள் அதுவரை செய்யாத வேலை, ஆக புதிய சேவையும் ஆயிற்று. இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்.

20,000 டாலர் கேட்டோம். விண்ணப்பங்களைப் பார்க்கும் நகராட்சிக் குழு மதிப்பெண் போட்டு 12,000 என்றது. அதுவும் உறுதியில்லை, வாஷிங்டனில் பட்ஜெட் இழுத்தடித்ததால் ஹட் தொகையை அறிவிக்கவே நாளானது, வந்த தொகைக்கேற்ப எல்லோருக்கும் கூட்டவோ குறைக்கவோ செய்வோம் என்று வரைவிலேயே எழுதி வைத்திருந்தார்கள். வரைவை 30 நாள் மக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும், பிறகு ஹியரிங், பிறகு ஓட்டு. இந்த முறை நான் பேசவே இல்லை. ஜூலையில் நிதியாண்டு தொடங்கியது, எங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்தானது அக்டோபரில். இடையில் மத்திய அரசுப் பணம் வாங்குபவர்கள் பதிவு செய்யும் சாம் இணையதளத்தில் பதிவு, நகராட்சியையும் சேர்த்துப் போட்ட காப்பீட்டுச் சான்று என்று அலைச்சல், அதை எழுதினால் இன்னொரு பதிவு வரும்.

பணம் முன்னால் தர மாட்டார்கள் என்பதை யாரும் எங்களுக்கு அழுத்திச் சொல்லவில்லை. நீங்கள் செலவு செய்து, பில்லும் செக் போன ஆதாரமும் வைத்துக் கேட்டால் திருப்பித் தருவார்கள். எங்கள் வங்கிக் கணக்கில் மூன்று மாதச் செலவுக்குக்கூடப் பணமில்லை, பேன்ட்ரியின் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் கைமாற்றாகக் கொடுத்துத்தான் ஓடியது. முதல் காலாண்டு பில்லை ஜனவரியில் அனுப்பினேன், திரும்பி வந்தது. பார்த்தால் 214 டாலர் மளிகை பில்லில், பருப்புக்கும் ஓட்ஸுக்கும் நடுவே, ஒரு சூயிங்கம் பாக்கெட். 1 டாலர் 89 சென்ட். வாங்கப் போனவர் வழியில் மெல்ல எடுத்திருக்கிறார் பாவம். அதைக் கழித்து, ஏன் கழித்தோம் என்று ஒரு கடிதம் எழுதி, மறுபடி அனுப்பினேன். மார்ச்சில் செக் வந்தது. அன்றிலிருந்து எங்கள் வேனில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: சொந்தச் சாமானுக்குத் தனி பில்.

படிவத்தில் இனம் கேட்டு ஒரு கட்டம் உண்டு, அறிக்கைக்கு அது வேண்டும். ஹிஸ்பானிக்கா இல்லையா என்பது தனிக் கேள்வி. ஒரு தாத்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சூப் கொடுக்க இது எதற்கு?" என்றார். கணக்குக்கு என்றேன். எனக்கே அது பதிலாகத் தோன்றவில்லை.

இந்த இலையுதிர்காலத்தில் நகராட்சி அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்துக்காக ஊரின் தேவை என்னவென்று கேட்கும் கூட்டத்தை நூலகத்தில் வைத்தது. எதற்கு முன்னுரிமை என்பதை எழுதுவதே அங்கேதான். அதில் இடம்பிடிக்காத வேலைக்கு விண்ணப்பத்தில் மதிப்பெண் ஏறாது. தபால்காரரையும் அழைத்துக்கொண்டு போனேன். அலுவலர்களைச் சேர்த்து ஏழு பேர் இருந்தோம். முதியோருக்கு வீடு தேடி உணவு என்பதைத் தனியாகக் குறிப்பிட்டு எழுதச் சொல்லி, எத்தனை வீடு, காத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று விலாவாரியாகப் பேசினேன். அலுவலர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடிகாரத்தை யாரும் ஓடவிடவில்லை.