புதுப் பெயிண்டுக்கு அடியில் இருந்த ஓதம்

வாடகைக்கு விடுவதற்காகவே வாங்கிய வீடு. குடிவந்த கொஞ்ச நாளிலேயே, படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் கொப்பளிக்கிறது என்று குடியிருப்பவர் போன் செய்தார். போய்ப் பார்த்தால், கை பட்ட இடத்தில் பூச்சு மாவாக உதிர்ந்தது. வீடு பார்க்கப் போனபோது அந்தச் சுவரை மறைத்து ஆளுயர அலமாரி நின்றது.

விற்றவரிடம் கேட்டேன். "பார்த்துத்தானே வாங்கினீங்க" என்றார். கண்ணுக்குத் தெரியும் விரிசலுக்கு அந்தப் பதில் சரி; தெரிந்தே மறைத்த குறைக்கு அது எடுபடாது என்றார் வக்கீல். ஆனால் விற்றவருக்கு முன்பே தெரியும் என்று காட்ட வேண்டியது நான்தான். அதனால் எல்லாவற்றையும் பதிவு செய்யும்வரை இடிக்க வேண்டாம் என்றார்.

ஈரம் எங்கிருந்து வருகிறது? பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி வைத்தோம். தாளின் வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றின் ஈரம். உள்பக்கம் வியர்த்தால் சுவரிலிருந்து வருவது. உள்பக்கம்தான் நனைந்திருந்தது. சுவருக்குப் பின்னால் குளியலறை. அங்கே தண்ணீர் போகும் துளையை அடைத்து, சாயம் கலந்த தண்ணீரைத் தேக்கினோம். படுக்கையறைச் சுவரின் அடியில் அதே நிறம் கசிந்தது.

ரிப்பேர் வேலையில் எந்த லாபமும் இல்லாத ஒரு பொறியாளரை வைத்து அறிக்கை வாங்கினேன். அவர் ஓரிடத்தில் மட்டும் சுரண்டிக் காட்டினார்: அடியில் உப்புப் பூத்த பழைய பெயிண்ட், அதன் மேல் கறுப்பாக ஒரு வாட்டர்ப்ரூஃப் பூச்சு, அதற்கும் மேல் சுவரைச் சமமாக்கப் பூசும் புதுப் புட்டிப் பூச்சு. யாரோ கசிவைப் பார்த்துவிட்டுத்தான் பூசி மூடியிருக்கிறார்கள்.

அந்த 'யாரோ' யார் என்பதற்குப் பதில், முன்பு குடியிருந்தவரிடம் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் மூலம் அவரைப் பிடித்தேன். இதே சுவரைப் படமெடுத்து விற்றவருக்கு அனுப்பியதும், அவர் "பார்க்கலாம்" என்று பதில் போட்டதும் போனில் அப்படியே இருந்தன. அறிக்கையைவிட அதுதான் கனமான ஆதாரம்.

இதற்கிடையில் குடியிருப்பவரைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தகராறு எனக்கும் விற்றவருக்கும். ஓதச் சுவரோரம் தூங்குவது அவர் குழந்தை. அந்தக் குளியலறையை நிறுத்தி, அறையைக் காலி செய்ய வைத்து, வாடகையைக் குறைத்தேன். அவசரச் செலவுகளின் பில்களைத் தனியாக வைத்தேன். சேதத்தை வளர விட்டிருந்தால், கேட்கும் தொகையிலும் கை வைப்பார்கள்.

அப்புறம் பதிவுத் தபாலில் நோட்டீஸ். அறிக்கை, படங்கள், செலவு மதிப்பீடு எல்லாம் சேர்த்து, வேலை தொடங்கும் முன் வந்து பார்க்க ஒரு தேதியும் கொடுத்தோம். வந்தார். பழைய மெசேஜ்களைக் காட்டியதும் பேச்சு மாறியது. ரிப்பேர் செலவுக்கு ஒப்புக்கொண்டார். குறைத்த வாடகையைத் தர மறுத்தார். அதற்காக வழக்குப் போட்டால் செலவே அதை விழுங்கிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அவர் தரப்பு எழுதி வந்த ஒப்பந்தத்தில் "இந்த வீடு தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருந்தது. "இந்தக் குளியலறைக் கசிவு தொடர்பாக மட்டும்" என்று மாற்றிய பிறகே கையெழுத்துப் போட்டேன். பணம் வந்தது, டைல்ஸை உடைக்க ஆள் வந்தார்கள்.