ஒன்பது நிமிடத்திற்கு முந்தைய பதிவு

"நீங்கதான் கட் பண்ணீங்களாண்ணா?" என்று அந்தப் பெண் கேட்டபோது, "கரண்ட் போய் வந்ததுல லைன் ரீசெட் ஆகியிருக்கும்மா" என்றேன். மாலை முழுவதும் எங்கள் இன்டர்நெட் நிறுவனத்துக்கு அழைத்த எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்த பதில்தான் அது. மற்றவர்கள் விஷயத்தில் அது உண்மையாகவும் இருந்தது.

மாங்காய்க் காலத்துக் கோடைமழை அன்று காவேரிப்பட்டணம் பக்கம் காற்றோடு அடித்தது. அங்கிருந்த எங்கள் நாஸ், அதாவது வீடுகளின் இணைப்புகளை ஏற்று நடத்தும் கருவி, பேட்டரி தீர்ந்து அணைந்து, ஆறு மணி ஐந்து நிமிடத்திற்கு மீண்டும் எழுந்தது. அணையும்போது அது எந்த செஷனுக்கும் (ஒரு வீடு நெட்டில் ஏறி இறங்கும்வரையான இணைப்புக்கு) முடிவுச் செய்தி அனுப்பவில்லை. எழுந்ததும் "புதிதாகத் தொடங்குகிறேன்" என்று அனுப்ப வேண்டிய அக்கவுன்டிங்-ஆன் செய்தியும், மேல்நிலை ஃபைபர் அப்போது வேலை செய்யாததால் எங்களிடம் வந்து சேரவில்லை. ஆகவே யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று கணக்கு வைக்கும், கிருஷ்ணகிரியில் இருந்த ரேடியஸ் சர்வரின் கணக்கில், இல்லாத செஷன்கள் எல்லாம் உயிரோடு இருப்பதாகவே நின்றன. ஒரு வாடிக்கையாளர் ஐடிக்கு ஒரே செஷன் என்பது எங்கள் விதி என்பதால், மின்சாரம் திரும்பிய வீடுகளின் ரவுட்டர்கள் உள்ளே நுழைய முடியாமல் தவித்தன. ஐடி மாட்டிக்கொண்டது என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

ஒவ்வொன்றாக எடுத்து, அந்த செஷனைத் துண்டிக்கச் சொல்லி நாஸின் 3799ஆம் போர்ட்டுக்கு டிஸ்கனெக்ட் கோரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தேன். 2008இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5176 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வகுத்த முறைப்படி, நாஸ் ஒப்புக்கொண்டால் 41 என்றும் மறுத்தால் 42 என்றும் பதில் வரும். அதுவரை வந்தவை எல்லாம் 42, கூடவே 503 என்ற காரண எண். அப்படி ஒரு செஷனே தன்னிடம் இல்லை என்று நாஸ் சொல்வதாகப் பொருள். அதைப் பார்த்த பிறகு கணக்கில் கையால் முடித்துவைத்தால் போதும், வீட்டில் நெட் ஏறிவிடும்.

ஆறு ஐம்பதுக்கு ஒரு பெரியவர் அழைத்தார். "தம்பி, லைன் ஏறவே மாட்டேங்குது."

அவருடைய ஐடியில் ஒரு செஷன் இருந்தது. வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா என்று கேட்டேன். "யாருமில்ல தம்பி, நீ எடுத்து வுடு" என்றார். அனுப்பினேன். 41 வந்தது.

அந்த மாலையில் வந்த ஒரே 41 அதுதான். உயிரோடு இருந்த ஒன்றை அறுத்துவிட்டேன் என்று அந்த எண் சொன்னது, ஆனால் அது சொல்லும்போது எல்லாம் முடிந்திருந்தது. அனுப்புவதற்கு முன்பே திரையில் போதுமான தகவல் இருந்ததுதான் என்னை இன்னும் விடாமல் தொந்தரவு செய்கிறது. செஷன் தொடங்கியது ஆறு இருபத்தொன்றுக்கு, அதாவது நாஸ் எழுந்த பிறகு. செத்த செஷனாக இருக்க வழியே இல்லை. செஷன் நடந்துகொண்டிருக்கிறது என்று நாஸிடமிருந்து பத்து நிமிடத்திற்கு ஒருமுறை வரும் இடைப்பதிவு கடைசியாக ஆறு நாற்பத்தொன்றுக்கு வந்திருந்தது. இன்னும் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் அடுத்ததும் வந்திருக்கும். ரவுட்டரின் மேக் முகவரியும், அதாவது அந்தக் கருவியின் அடையாள எண்ணும், வேறு. மேலே போன தரவும் கீழே வந்த தரவும் ஏறக்குறையச் சமமாக இருந்தன, வீடியோ அழைப்பில் இருப்பதுபோல. இவற்றை அனுப்புவதற்கு முன்பு பார்த்தேனா, பிறகுதான் பார்த்தேனா என்பது எனக்கே இப்போது உறுதியாகத் தெரியவில்லை. மேக் வேறு என்பதை மட்டும் முன்பே பார்த்தேன் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் அந்தக் கேள்வியை அவரிடம் ஏன் கேட்டேன்?

நீங்கதான் கட் பண்ணீங்களா என்று பிறகு அழைத்துக் கேட்ட பெண் அந்தப் பெரியவரின் மகள். வீட்டில் மின்சாரம் இல்லாததால் அவர் இன்வெர்ட்டர் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே கட்டணம் முடிந்து சும்மா கிடந்த லைனில், தன் வீட்டின் பழைய ரவுட்டரை மாட்டியிருந்தார். அதில் அப்பாவின் ஐடியும் கடவுச்சொல்லும் அப்படியே இருந்தன. பெங்களூரு நிறுவனம் ஒன்றின் நேர்காணல் பாதியில் நின்றது. பழைய ரவுட்டரை மகள் எடுத்துப் போனது அப்பாவுக்குத் தெரியாது. அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை.

கணக்கு அவருடையது, எடுத்துவிடச் சொன்னவரும் அவர்தான், விதியும் என் பக்கம்தான். அப்போது வரிசையில் எத்தனை அழைப்புகள் காத்திருந்தன என்பதையும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எல்லாம் தெரிந்திருந்தாலும், பணம் கட்டியவரிடம் "உங்க லைன்ல வேற யாரோ இருக்காங்க, பொறுங்க" என்று சொல்லியிருப்பேனா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த விதி செத்த செஷன்களுக்காகவோ, ஐடியை ஊருக்கே பகிர்பவர்களுக்காகவோ வைத்தது. பக்கத்துத் தெருவில் உட்கார்ந்து வேலைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த மகளுக்காக அல்ல.

அந்தப் பெண் என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த ஐடிக்கு இரண்டு செஷன் என்று மாற்றிவிட்டு, "இப்ப பாரும்மா" என்றேன். "வந்துடுச்சுண்ணா" என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனா அவங்க போயிட்டாங்க" என்றார். அதற்குப் பிறகும் நான் லைன் ரீசெட் என்பதைத் திருத்திச் சொல்லவில்லை.

இப்போது புதிதாக வரும் பையன்களிடம், தொடங்கிய நேரத்தைப் பார்க்காமல் யாரையும் எடுக்காதீர்கள் என்கிறேன். போன மாதம் இன்னொரு மழை நாளில், அழைப்புகள் குவிந்தபோது, நானே ஐந்தாறு ஐடிகளைப் பார்க்காமல் எடுத்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் 42தான் வந்தது.

அந்தக் காவேரிப்பட்டணத்து ஐடியில் இரண்டு என்று போட்டதை நான் இன்னும் ஒன்றாக மாற்றவில்லை. மாதக் கணக்கு பார்க்கும்போது முதலாளி கேட்டால் என்ன சொல்வது என்றும் யோசித்து வைக்கவில்லை.