மூணாவது தடவையும் ஓட்டியிருப்போமா?

ஒரு கிளையன்ட்டோட கெமிக்கல் எளிதில் மக்குமான்னு லேப்ல டெஸ்ட் பண்ணோம், கழிவுநீர் பிளான்ட்டோட ஸ்லட்ஜ்ல, அதாவது பாக்டீரியா நிறைஞ்ச சேத்துல போட்டு. முதல் ரன்ல 28ஆவது நாள் 64 சதவீதம் மக்கியிருந்துச்சு. ஆனா ஓஇசிடி 301எஃப்ங்கிற இந்த டெஸ்ட் முறைல 60 தொட்டா மட்டும் போதாதே, 10 சதவீதம் தாண்டின நாள்லேருந்து பத்து நாளுக்குள்ள 60 வந்தாகணும். இது 10ஐ தாண்டினது 7ஆம் நாள், 17ஆம் நாள் பார்த்தா 46லயே நிக்குது, அப்புறம்தான் மெதுவா ஏறுச்சு. பக்கத்துல, டெஸ்ட் சரியா நடக்குதான்னு பாக்க வெச்ச, சுலபமா மக்கும்னு தெரிஞ்ச சோடியம் பென்சோயேட் பாட்டில் 14 நாளுக்குள்ள ஜோரா 60ஐ தாண்டிடுச்சு, அதனால டெஸ்ட் மேல பழி போட வழியில்ல. ஃபெயில்தான்.

கிளையன்ட் "எங்க ஈடிபி (ஃபேக்டரி கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்) ஸ்லட்ஜையே அனுப்புறோம், அதுல போட்டுப் பாருங்க"ன்னாங்க. முடியவே முடியாதுன்னுட்டேன். அந்த கெமிக்கலையே தின்னு பழகின பாக்டீரியா அது, பழகாத ஸ்லட்ஜ்ல மக்குதான்னு பாக்கத்தானே இந்த டெஸ்டே. ஆனா வேற ஒரு ஊர்க் கழிவுநீர் பிளான்ட்லேருந்து ஸ்லட்ஜ் எடுத்து ரிப்பீட் பண்ணலாம்னு சொன்னதும் நான்தான். அது பாஸ் ஆச்சு.

நாளுக்கு நாள் எவ்வளவு மக்குச்சுன்னு காட்டுற கர்வை பிரிண்ட் எடுத்துக்கிட்டு இருக்கும்போது கூட இருந்த பையன் கேட்டான், "அண்ணா, இதுவும் ஊத்திக்கிட்டிருந்தா மூணாவது தடவையும் ஓட்டியிருப்போமா?"

"ரூல்ல இடம் இருக்குடா"ன்னேன். இருக்கு, நெசமாவே இருக்கு. இது ரொம்ப கடுமையான டெஸ்ட், லிட்டருக்கு 100 மில்லிகிராம் கெமிக்கல், அதைத் தின்ன கொஞ்சூண்டு ஸ்லட்ஜ், வேற சாப்பாடே கிடையாது, இதுலயே மக்குதுன்னா ஆத்துலயும் சீக்கிரம் மக்கும்னு நம்பலாம். ஃபெயில் ஆனா மக்காதுன்னு அர்த்தமில்ல, அன்னிக்கு எடுத்த ஸ்லட்ஜ்ல தேவையான பாக்டீரியா கம்மியா இருந்திருக்கலாம். அதனாலதான் ரெண்டும் முறையா நடந்த டெஸ்ட்னா பாஸ் ரிசல்ட்டை எடுத்துக்கலாம்னு வழிகாட்டுதலே சொல்லுது. இதெல்லாம் அவனுக்கும் சொன்னேன், தலையாட்டினான், ஆனா அவன் கேட்டது அது இல்லன்னு எனக்கே தெரியும்.

ரிப்போர்ட்ல ரெண்டு கர்வையும் போட்டேன். முதல் கர்வை எடுத்துடுங்கன்னு கேட்டாங்க, எடுக்கல, அதுல எனக்கு இன்னிக்கும் துளி சந்தேகம் இல்ல. ஆனா லேபிளுக்கு போறது கர்வ் இல்ல, "எளிதில் மக்கக்கூடியது"ங்கிற ஒத்தை வரிதான். அந்த முதல் ஸ்லட்ஜ் எடுத்த பிளான்ட் மாதிரியே இருக்கிற பிளான்ட்டுக்கும்தானே இந்த கெமிக்கல் போய்ச் சேரும்?

இன்னொண்ணும் உறுத்துது. முதல் ரன்லயே பாஸ் ஆகியிருந்தா, வேற ஸ்லட்ஜ்ல ஒரு தடவை போட்டுப் பாத்துடலாமான்னு நாங்க யாரும் வாயே திறந்திருக்க மாட்டோம்.