அப்பாவை மருந்து ஆய்வில் சேர்ப்பதா?

அப்பாவின் நுரையீரல் புற்றுநோய்க்கு மட்டக்களப்பில் கீமோ தொடங்க இருந்த நேரம். கொழும்பில் பார்த்த டொக்டர் ஒருவர், "புது மருந்துக்கு ஆய்வு நடக்குது, விருப்பமெண்டா சேரலாம்" என்றார். வீட்டில் உடனே இரண்டு கட்சி. மாமி, "அண்ணனை எலியாக்கப் போறீங்களா?" என்று சண்டைக்கு வந்தார். கனடாவில் இருக்கும் தம்பிக்கோ புது மருந்து என்றாலே நல்ல மருந்து.

விளக்கத் தாள்களைத் தமிழில் தந்து, வீட்டில் ஆறுதலாக வாசித்துவிட்டு வரச் சொன்னார்கள். கேள்விகளை அப்பாவின் பழைய நெல்லுக் கணக்குக் கொப்பியில் எழுதினோம்.

முதலாவது, இது எத்தனையாம் கட்டம்? முதற்கட்டத்தில் எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்றுதான் முக்கியமாகப் பார்ப்பார்கள். இது மூன்றாம் கட்டம். வழமையான சிகிச்சையோடு புதியதை ஒப்பிடுவது. யாருக்கு எது என்று டொக்டரும் தெரிவு செய்ய முடியாது, கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் போடும். அப்பாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "எனக்குச் சும்மா தண்ணியை ஏத்தினா?" என்று நேரே கேட்டுவிட்டார். அப்படியில்லை, புது மருந்து விழாதவர்களுக்கும் வழமையான கீமோ உண்டு என்றார் டொக்டர். மாமியின் எலிக் கதை பாதி அடங்கியது.

இலங்கையில் நடக்கும் ஆய்வுகளுக்கு 2006 முதல் ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது, இணையத்தில் யாரும் பார்க்கலாம். அதில் இந்த ஆய்வும் இருந்தது. சேருகிற ஆக்களுக்குப் பாதகம் வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இருந்தது.

பாரமான கேள்விகள் மிச்சமிருந்தவைதான். கூடுதலாக எத்தனை ஸ்கேன்? பக்க விளைவு வந்தால் செலவு யாருடையது? நடுச்சாமத்தில் காய்ச்சல் அடித்தால் இங்கே யார் பார்ப்பது? கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அதற்கு ஒரு போன் நம்பர் தந்தார்கள், செலவுக்குக் காப்புறுதியும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தரமும் கொழும்புக்குத்தான் போக வேண்டும். இரவு ரயிலில் இருந்தபடி போய்ச் சேருவதற்குள்ளேயே அப்பாவுக்கு மூச்சு வாங்கிவிடும்.

தம்பி வான் பிடித்துத் தருவதாகச் சொன்னான். அப்பா கேட்கவில்லை. "புது மருந்து கட்டாயம் கிடைக்குமெண்டா போவன். கிடைச்சாலும் கிடைக்கும் எண்டதுக்கு இவ்வளவு அலைய ஏலாது." என் கணக்கும் அதுதான். கொழும்பில் குடியிருந்தால் சேரச் சொல்லியிருப்பேன்.

வேண்டாம் என்று சொன்னால் டொக்டர் கோபிப்பாரோ என்று பயந்தோம். அவரோ, "சேர்ந்த ஆக்களே எப்ப வேணுமெண்டாலும் விலகலாம், இதில என்ன இருக்கு" என்று மட்டக்களப்பு டொக்டருக்குக் கடிதம் எழுதித் தந்தார். அடுத்த கிழமையே இங்கே கீமோ தொடங்கியது.