காசியில் நடந்தே பஞ்சதீர்த்தம்

"காசிக்குப் போனால் பஞ்சதீர்த்தம் ஆடாமல் வராதே" என்று வீட்டுப் பெரியவர் யாராவது சொல்லி அனுப்பியிருப்பார். தனியாளாக, படகு ஏறாமல், கங்கைக் கரையோரமே நடந்து, ஐந்து படித்துறைகளில் நீராடி அதை முடிக்கலாம். வரிசை மட்டும் தவறக் கூடாது: அஸி, தசாசுவமேதம், ஆதிகேசவம், பஞ்சகங்கை, கடைசியில் மணிகர்ணிகை. கரையில் படித்துறைகள் இந்த வரிசையில் இல்லை. தசாசுவமேதத்துக்கு வடக்கே மணிகர்ணிகையையும் பஞ்சகங்கையையும் நீராடாமல் கடந்து, வருணை நதி கூடும் வடகோடியான ஆதிகேசவம்வரை போய்த் திரும்ப வேண்டும். போக வர ஏறத்தாழ 10 கிலோமீட்டர். மணிகர்ணிகை ஸ்நானம் உச்சிவேளைக்கு உரியது. ஆகவே காலை 5 மணிக்கே அஸியில் நிற்க வேண்டும்.

பித்ரு காரியம் உள்ளவர்கள் அதைச் செய்துவைக்கும் வாத்தியாரோடு படகில் போவதே சரி. ஐந்து இடத்திலும் பிண்டம் வைக்கச் சாதமும் எள்ளும் பாத்திரமும் சுமந்து நடக்க முடியாது. ஸ்நானமும் சங்கல்பமும் மட்டும் என்றால் நடை போதும்.

தனியாகப் போகிறவருக்கு முதல் சிக்கல் பைதான். முழுகும் நேரத்தில் கரையில் அதை யார் பார்ப்பார்? செல்போன், பர்ஸ் எல்லாம் தங்கும் அறையிலேயே இருக்கட்டும். மாற்றுத் துணி ஒன்று, துண்டு ஒன்று, ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை. பணத்தை 10, 20 ரூபாய்த் தாள்களாக்கி, நீர் புகாத உறையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளலாம்.

தண்ணீருக்குள் இருக்கும் முதல் இரண்டு மூன்று படிகளில் பாசி வழுக்கும். நின்றபடி இறங்காமல், உட்கார்ந்து, கையைப் பின்னால் மேல்படியில் ஊன்றி இறங்குங்கள். கங்கை இங்கே வடக்கு நோக்கி ஓடுகிறாள். சூரியனைப் பார்த்து நின்றால் இழுப்பு இடப்பக்கம். அதனால் வலக்கையால் படித்துறைச் சங்கிலியைப் பிடித்தாலும் இடக்காலை நன்றாக ஊன்றிக்கொள்ள வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை வெள்ளத்தில் கரைப்பாதையே இருக்காது. அக்டோபரில் தண்ணீர் வடிந்தாலும் படிகளில் வண்டல் கிடக்கும். குழாய் வைத்துப் பீய்ச்சிக் கழுவி முடியும்வரை நடப்பது ஆபத்து. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. தீபாவளிக்கு அடுத்து வரும் கார்த்திகைப் பௌர்ணமியன்று மட்டும் வேண்டாம். தேவ தீபாவளிக் கூட்டத்தில் கால் வைக்க இடமிருக்காது.

அஸி நதியைத் தெற்கே திருப்பிவிட்டதால் இன்று அஸி கட்டத்தில், அதாவது படித்துறையில், சங்கமம் கண்ணுக்குத் தெரியாது. மனத்தில் சங்கமத்தை நினைத்து முழுகிவிட்டு வடக்கே நடந்தால் துளசி கட்டம், சேத்சிங் கோட்டை, அப்புறம் அனுமன் கட்டம். 1898 முதல் 1902 வரை காசியில் இருந்த பாரதி தங்கிய சிவமடம் இங்கேதான். காதில் தமிழ் விழும். அரிச்சந்திர கட்டத்தில் சிதைகள் எரிந்துகொண்டிருக்கும்; வேடிக்கை பார்க்காமல், 'சிவசிவ' என்று கடந்தால் வெள்ளையும் சிவப்புமாகக் கோடிட்ட சுவர், செங்குத்தான படிகள். கேதார கட்டம். குமரகுருபரர் வழிவந்த மடம் பராமரிக்கும் சந்நிதி.

இங்கே அவசரப்படாதீர்கள். கேதாரேசுவரர் வழவழப்பான லிங்கம் அல்ல. சொரசொரத்த பாறை, நடுவே ஒரு கோடு. மாந்தாதா மன்னர் விருந்தாளிக்கென்று பாதியைப் பிரித்துவைத்த பொங்கல் சோறே கல்லானதாக ஐதிகம். கையில் இருக்கும் சொம்புத் தண்ணீரை அந்தக் கோட்டின் மேல் விட்டால் இரண்டு பக்கமும் வழிந்து அடியில் ஒன்றாகச் சேரும். பசித்து வந்தவனுக்குப் பாதிச் சோறு எடுத்துவைத்த இடத்தில் அப்பன் தானே சோறாக நிற்கிறான். வேறென்ன கேட்பது? கேட்க வந்ததெல்லாம் மறந்துபோகும் சந்நிதி இது.

தசாசுவமேதத்தில்தான் தொல்லை ஆரம்பம். கேட்காமலே நெற்றியில் சந்தனம் இட்டுக் காசு கேட்பார்கள். கைகுலுக்க நீட்டிய கையைப் பிடித்து மசாஜ் தொடங்கிவிடுவார்கள். சங்கல்பத்துக்கு முன்பே தட்சிணையைப் பேசி முடியுங்கள். பாதியில் தொகை ஏறும். மணிகர்ணிகையில் 'ஏழைப் பிணத்துக்கு விறகு' என்று எடைக்கு விலை சொல்லி நெருக்குகிறவர்களிடம் நிற்கவே கூடாது. சாவு வீட்டில் வசூல் செய்வது மகா பாவம். விறகு அடுக்குகள் கரைப்பாதையை மறித்திருந்தால் சந்துக்குள் ஏறி சிந்தியா கட்டத்தில் இறங்கலாம்.

திரிலோசன கட்டத்துக்கு அப்பால் கூட்டம் ஓய்ந்துவிடும். ராஜ்காட் இரும்புப் பாலத்தைத் தாண்டி ஆதிகேசவம். சிவபெருமான் அனுப்ப விஷ்ணு காசிக்கு வந்து முதலில் கால் கழுவிய பாதோதக தீர்த்தம். கரையில் சேறு முழங்கால் வரை வாங்கும், வருணையின் நிறமும் நாற்றமும் மனத்தை வருத்தும். இறங்க முடியாவிட்டால் கங்கைப் பக்கத்துத் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு பெருமாளைப் பார்க்க ஏறுங்கள். 9.30க்குள் இங்கிருந்தால்தான் கணக்கு சரிவரும்.

திரும்பும் வழியில் பஞ்சகங்கை, மேலே பிந்துமாதவர் கோயில். உயரமான படிகளில் தொடை நடுங்கும்; ஏறும்போது மூன்று இடத்திலாவது உட்காருங்கள்.

உச்சியில் மணிகர்ணிகை. முதலில் சக்கரபுஷ்கரிணிக் குளம், பிறகு கங்கை. ஒரு பக்கம் புகை, ஒரு பக்கம் தண்ணீர், இறப்பவர் காதில் சிவன் தாரக மந்திரம் ஓதும் ஊர். தாயே, இத்தனை தூரம் நடக்கக் கால் கொடுத்தாயே! முழுகி எழுந்து, உலர்ந்த துணி கட்டிக்கொண்டு, லலிதா கட்டத்துப் படியேறினால் நேரே விசுவநாதர்.